ஆன்டிஆக்ஸிடன்ட்: கேப்சூலா, ஜூஸா, முருங்க எலைத் துவரனா? காச எதுல போடணும்

மாசம் ஆயிரம் ரூவா ஒதுக்கி ஒடம்புக்கு ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது செல்லக் கெடுக்குற ஃப்ரீ ராடிக்கல்ங்கிற துகள அடக்குற சத்து, ஏத்தணும்னு நெனைக்கிறவங்களுக்காக இத எழுதுகேன். மார்த்தாண்டம் பக்கம் மருந்துக்கடையில நிக்குற ஆளாக்கும் நான், பி.ஃபார்ம் படிச்சிட்டு கவுண்டருக்குப் பின்னால நின்னு வருஷம் கொஞ்சம் ஆச்சு. யாராவது வந்து கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க, தம்பி இந்த கேப்சூல் வாங்கட்டா, இல்ல நெல்லிக்கா ஜூஸ் பாட்டில் வாங்கட்டா, கல்ஃப்ல இருக்க மவன் என்னத்தையோ பொடி அனுப்பியிருக்கான் அதக் கலக்கிக் குடிக்கட்டா, இல்ல ஒண்ணும் வேண்டாம் முருங்க எலையும் சோறும் போதுமான்னு. நல்ல கேள்விதான். ஆனா பதில் சொல்லுகதுக்கு முன்னால ஒண்ணு பாக்கணும், எதுல எவ்வளவு இருக்குங்கிறது இல்ல விஷயம், வாய்ல போட்டதுல எவ்வளவு குடலத் தாண்டுது, தாண்டினத ஈரல் என்ன பண்ணுது, ரத்தத்துல எவ்வளவு நேரம் நிக்குது, மிச்சம் எங்க போகுது, இதாக்கும் விஷயம். இத வச்சுப் பாத்தா ஒவ்வொரு வழியும் வேற மாதிரி தெரியும். என் முடிவ முன்னாலயே சொல்லிருகேன், ரொம்பப் பேருக்கு இந்தக் காசு சந்தையிலதான் போகணும், மருந்துக்கடையில இல்ல. ஒரு சில பேருக்கு கேப்சூல் உண்மையிலேயே வேணும், அவங்க யாருன்னு கீழ வருது.

மொதல்ல டப்பா மேல போட்டிருக்க அந்தப் பெரிய நம்பரப் பாப்போம். ஓ.ஆர்.ஏ.சி மதிப்பு இத்தனை ஆயிரம்னு கொட்ட எழுத்துல அடிச்சிருப்பான். அது ஒரு சாமான் ஃப்ரீ ராடிக்கல எவ்வளவு அடக்குதுன்னு சோதனைக் குழாய்ல போட்டு அளந்த நம்பர். அமெரிக்க விவசாயத் துறை முன்னால இந்த மதிப்பெல்லாம் சேத்து ஒரு பட்டியல் போட்டு வச்சிருந்தது, 2012ல அத அவங்களே எடுத்துட்டாங்க, காரணமும் சொன்னாங்க, குழாய்ல வர்ற நம்பருக்கும் மனுஷ ஒடம்புல நடக்குறதுக்கும் சம்பந்தம் இல்ல, கம்பெனிக்காரங்க இத விளம்பரத்துக்கு எடுத்து தப்பா பயன்படுத்துகாங்கன்னு. அந்தப் பட்டியல்ல மேல நின்ன சாமான்கள்ல ஒண்ணு எது தெரியுமா, கிராம்பு. நம்ம மாறாமலை பக்கம் வெளையுற கன்னியாகுமரி கிராம்புக்கு 2021ல புவிசார் குறியீடு கெடச்சிருக்கு, வாசனைக்கும் எண்ணைக்கும் அத மிஞ்ச ஒண்ணு இல்லைன்னுதான் நானும் சொல்லுவேன், ஆனா அதுல உள்ள யூஜினால்ங்கிற சாமானத் தின்னா என்ன ஆகுதுன்னு மனுஷங்கள்ல அளந்து பாத்திருக்காங்க, குடல் வேகமா உறிஞ்சுது, ஈரல் உடனே அதுல ஒரு சர்க்கரைத் துண்டோ சல்ஃபேட்டோ ஒட்டி அனுப்புது, 24 மணி நேரத்துக்குள்ள கிட்டத்தட்ட முழுசும் மூத்திரத்துல வெளிய வந்துருது. அதனால நம்பரப் பாத்து கிராம்ப டீஸ்பூன் கணக்குல தின்னா ஆன்டிஆக்ஸிடன்ட் ஏறாது, கிராம்பு எண்ணை அதிகமா உள்ள போனா ஈரலே கெடும். கறிக்கும் பிரியாணிக்கும் ரெண்டு போடுங்க, அது போதும்.

இனி வைட்டமின் சி. இதுல கணக்கு ரொம்பத் தெளிவு, அதனால முடிவெடுக்கவும் லேசு.

குடல்ல வைட்டமின் சி உள்ள போகதுக்கு தனி வாசல் மாதிரி ஒரு புரதம் இருக்கு, அது ஒரு அளவுக்கு மேல ஏத்தாது. 1996ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல ஆளுகள வச்சு அளந்தாங்க, ஒரே தடவை 200 மில்லிகிராம் குடுத்தா முழுசும் உள்ள போச்சு, 500 குடுத்தப்பவே கொறைய ஆரம்பிச்சது, 1,250 மில்லிகிராம் குடுத்தா சுமார் பாதிதான் போச்சு. போனதும் நிக்குதான்னா அதுவும் இல்ல, ரத்தத்துல ஒரு அளவு நெறைஞ்ச ஒடனே சிறுநீரகம் மிச்சத்த வெளிய தள்ளிரும், குளம் நெறைஞ்சா மறுகால் பாயுற மாதிரி. நம்ம நாட்டுக்கு ஐ.சி.எம்.ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 2020ல போட்ட கணக்குல ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம், பொம்பளைக்கு 65. ஒரு நடுத்தரக் கொய்யாப்பழம் 100 கிராம்னு வச்சா அதுலயே 200 மில்லிகிராம் சுத்தி இருக்கு. அப்ப ஆயிரம் மில்லிகிராம் மாத்திரைக்கும் வீட்டுப் பின்னால நிக்குற கொய்யாவுக்கும் ரத்தத்துல வர்ற வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம், செலவுலதான் பெரிய வித்தியாசம். இதுல இன்னொண்ணும் உண்டு, ஒடம்பு வைட்டமின் சிய ஒடைக்கும்போது ஒரு பங்கு ஆக்ஸலேட்டா மாறும், அது சிறுநீரகத்துல கல்லுக்குக் காரணமாகக்கூடிய சாமான். சுவீடன்ல ஆம்பளைகள வருஷக்கணக்கா கவனிச்சு 2013ல வெளியிட்ட ஆய்வுல, வைட்டமின் சி மாத்திரை தனியா எடுத்தவங்களுக்கு கல்லு வந்தது எடுக்காதவங்களவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. வெயில்ல நின்னு வேலை செஞ்சு தண்ணி சரியா குடிக்காத ஆளுக நம்ம ஊர்ல எவ்வளவு பேரு, ரப்பர் பால் வெட்டுறவங்க, மீன்பிடிக்கப் போறவங்க, கொத்தனாரு, இவங்க தெனமும் ஆயிரம் மில்லிகிராம் முழுங்குறத நெனச்சா எனக்குப் பயமாத்தான் இருக்கு.

நெல்லிக்காய் ஜூஸ் பாட்டில் வாங்கலாமான்னா, பச்சை நெல்லிக்கா கிலோ வாங்கி வீட்டுல வைங்கன்னுதான் சொல்லுவேன். நெல்லிக்காயில வைட்டமின் சி மட்டும் இல்ல, எல்லாஜிட்டானின்னு ஒரு கூட்டம் இருக்கு, அத ஒடைக்கிறது நாம இல்ல பெருங்குடல்ல இருக்க பாக்டீரியா, அதப் பத்தி பெறவு வருகேன். பாட்டில் ஜூஸ்ல நார் போயிருது, சில பாட்டில்ல சீனி சேந்திருது, அவ்வளவுதான்.

கரோட்டின்ல கதையே மாறுது, இங்கதான் நம்ம அடுக்களை கேப்சூல ஜெயிக்குறது கண்ணால பாக்கலாம். முருங்க எலை, செந்துளுவன் பழம், மஞ்சள் பூசணி, பப்பாளி, இதுல எல்லாம் இருக்க பீட்டா கரோட்டின், லூட்டின் எல்லாம் தண்ணில கரையாது, கொழுப்புலதான் கரையும். கீரையில அது செல்லுக்குள்ள பச்சையத்தோட புரதத்துல இறுகப் பிடிச்சுக்கிட்டு இருக்கும், பச்சையா மென்னா பெரும்பங்கு அப்படியே அந்தப் பக்கம் போயிரும்.

எங்க அம்மை முருங்க எலைத் துவரன் வைக்குறதச் சொல்லுகேன், நம்ம ஊர்ல எல்லா வீட்டுலயும் கிட்டத்தட்ட இப்படித்தான். எலைய உருவி, கம்பு காம்பு எல்லாம் பெறக்கிப் போட்டு, கழுவி, தண்ணி வடியவச்சு, அருவாமணையில பொடிசா அரிவா. தேங்காத் துருவலும் சீரகமும் ரெண்டு பல்லு பூண்டும் பச்சமொளகாயும் மஞ்சளும் வச்சு அம்மியில ஒரு சதை சதைச்சு எடுப்பா, நெகிழ அரைக்க மாட்டா. வாணலியில தேங்கெண்ணை ஊத்தி கடுகு பொட்டினதும் கறிவேப்பிலை, சின்ன உள்ளி, பெறவு எலையப் போட்டு உப்பு தெளிச்சு, நடுவுல குழி பறிச்சு அந்தத் தேங்காய வச்சு எலையால மூடி ஆவியில கொஞ்ச நேரம் விட்டு, பெறவு கிளறி எறக்குவா. இதுல ஒவ்வொரு வேலையும் கரோட்டினுக்கு ஒரு வழி தெறக்குது. அரியும்போது செல் சுவர் கிழியுது, ஆவியில புரதப்பிடி தளருது, வெளிய வந்த கரோட்டின் தேங்கெண்ணையிலயும் துருவல்ல உள்ள கொழுப்புலயும் கரைஞ்சு நிக்குது. ஒரு நேரச் சாப்பாட்டுல 3லேர்ந்து 5 கிராம் கொழுப்பு இருந்தா இதுக்குப் போதும்னு ஆய்வெல்லாம் சொல்லுது, துவரன்ல அது தானாவே வந்துருது. அடுத்து சிறுகுடல்ல பித்தநீர் வந்து இந்தக் கொழுப்ப நுணுக்கி சின்னச் சின்ன உருண்டையா ஆக்கும், கரோட்டின் அதுல ஏறி குடல் சுவருக்குப் போகும், அங்க ஒரு நொதி இருக்கு, பீட்டா கரோட்டின நடுவுல வெட்டி வைட்டமின் ஏ ஆக்கும். ஒடம்புல வைட்டமின் ஏ போதுமான அளவு இருந்தா அந்த நொதி வேலையக் கொறைச்சுரும். அதனால கீரை எவ்வளவு தின்னாலும் வைட்டமின் ஏ விஷமாகாது, மிஞ்சிப் போனா உள்ளங்கை மஞ்சளிக்கும், கொறைச்சா சரியாயிரும். வெட்டுப்படாம தப்பிச்ச கரோட்டின் கொழுப்பு உருண்டையில ஏறி நிணநீர் வழியா ரத்தத்துக்குப் போயி ஈரல்லயும் கொழுப்புலயும் தோல்லயும், லூட்டின்னா கண்ணு விழித்திரையிலயும் போயி உக்காரும். வைட்டமின் சி மாதிரி ஒடனே ஓடிப்போகாது, நாள்கணக்கா நிக்கும். அதனால தெனமும் கீரை ஆக்க நேரமில்லைன்னு கவலைப்படாண்டாம், வாரத்துல மூணு நாலு நாளு இருந்தாலே நல்லாத்தான் இருக்கும்.

இப்ப முருங்கப் பொடியக் காலைல வெறும் வயித்துல வெந்நீர்ல கலக்கிக் குடிக்குறத இதோட வச்சுப் பாருங்க. கொழுப்பு இல்ல, பித்தம் பெருசா சொரக்கல, அப்ப அதுல உள்ள கரோட்டினுக்கு ஏறிப்போக வண்டி இல்ல. பொடி வேண்டாம்னு சொல்லல, வாங்கி வச்சிருந்தா அவியல்லயோ பருப்புக்கறியிலயோ போட்டு மத்தியானச் சோத்தோட சாப்பிடுங்க. ஒடம்பு மெலியுறதுக்கு ஆர்லிஸ்டாட் மாத்திரை எடுக்குறவங்களுக்கு கொழுப்போட சேந்து கரோட்டினும் வெளிய போகும், அது தெரிஞ்சிருக்கணும்.

பீட்டா கரோட்டின் கேப்சூலப் பத்தி தனியா சொல்லியே ஆகணும், ஏன்னா இதுல காசு மட்டும் போகுற விஷயம் இல்ல. பின்லாந்துல 50லேர்ந்து 69 வயசுக்குள்ள சிகரெட் பழக்கம் உள்ள 29,133 ஆம்பளைகள வச்சு ஒரு பெரிய ஆய்வு நடந்தது, ஒரு பகுதி ஆளுகளுக்கு தெனமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் குடுத்தாங்க, நுரையீரல் புத்துநோய் கொறையும்னு எதிர்பாத்துத்தான் குடுத்தாங்க, 1994ல முடிவு வந்தப்ப புத்துநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவுல அதே மாதிரி இன்னொரு ஆய்வு, புகை பிடிக்குறவங்களும் கல்நார் வேலை பாத்தவங்களும், 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏயும் சேத்து, அதுலயும் நுரையீரல் புத்துநோய் 28 சதவீதம் கூடிச்சு, 1996 ஜனவரியில பாதியிலயே நிப்பாட்டிட்டாங்க. ஒரு கை முருங்க எலையில வர்றது கீரையோட சேந்து மெல்ல மெல்ல உள்ள போகுது, கேப்சூல்ல எண்ணையில கரைச்சு வச்சிருக்கது மொத்தமா ஏறி ரத்தத்துல வழக்கத்தவிட பல மடங்கு ஒசந்து நிக்குது, புகைபட்டுப் புண்ணான நுரையீரல்ல அவ்வளவு கரோட்டின் இருந்தா அது ஆக்ஸிஜனோட சேந்து ஒடைஞ்சு வேற சாமானா மாறி கேடு பண்ணுதுன்னு பெறவு நடந்த ஆய்வுக காட்டுது. அதனால வீட்டுல பீடி பிடிக்குற அப்பாவோ மாமாவோ இருந்தா, நுரையீரலுக்கு நல்லதுன்னு யாரு சொன்னாலும் பீட்டா கரோட்டின் இருக்க கேப்சூல் வாங்கிக் குடுக்காதீங்க, டப்பாவத் திருப்பிப் பாத்துட்டு வைங்க. வைட்டமின் ஈ கதையும் இப்படித்தான், 35,000க்கு மேல ஆம்பளைகள் கலந்துக்கிட்ட செலக்ட் ஆய்வுல 400 யூனிட் தெனமும் எடுத்தவங்களுக்கு புராஸ்டேட் புத்துநோய் 17 சதவீதம் கூடுதல்னு 2011ல வந்தது.

சரி, பாலிஃபீனால், செடிகொடியில இருக்க ஒரு பெரிய கூட்டம் சாமானுக்குப் பொதுப் பேரு. டப்பாவுல பெரும்பாலும் பேரு போட்டு விக்குறது இதத்தான், குவெர்செடின், கேட்டகின், குர்குமின், திராட்சைக் கொட்டைச் சாறுன்னு. இதுல ஒடம்பு நடந்துக்குற விதம் வேற. வைட்டமின் சியயும் கரோட்டினயும் ஒடம்பு தனக்கு வேணும்னு பிடிச்சு வைக்குது, பாலிஃபீனால வெளியாள் சாமானா, மருந்தப் பாக்குற மாதிரிதான் பாக்குது. வெங்காயத்துல குவெர்செடின் ஒரு சர்க்கரைத் துண்டோட ஒட்டிக்கிட்டு இருக்கும், சிறுகுடல் சுவர்ல பால் சர்க்கரைய வெட்டுற அதே நொதி இந்தச் சர்க்கரையயும் வெட்டிவிடும், அப்ப அது உள்ள நுழையும். நுழைஞ்ச ஒடனேயே குடல் செல்லும் பெறவு ஈரலும் அதுக்கு குளுக்குரோனிக் அமிலமோ சல்ஃபேட்டோ மீத்தைலோ ஒட்டி ரூபத்த மாத்திரும், கொஞ்சம் பித்தத்தோட திரும்ப குடலுக்கு வரும், கொஞ்சம் மூத்திரத்துல போகும். அதனால ரத்தத்துல சுத்துறது பெரும்பாலும் நாம தின்ன சாமானே இல்ல, மாத்தி எழுதின சாமான், அதுவும் ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்த வச்சு ஒடம்பு முழுக்க ஃப்ரீ ராடிக்கல நேரடியா பிடிச்சு அழிக்க முடியாது. இன்னைக்கு ஆய்வாளர்கள் சொல்லுகது, இந்தச் சாமான்க செல்ல லேசா சீண்டிவிடுது, அப்ப என்.ஆர்.எஃப்2ன்னு ஒரு புரதம் எழும்பி ஒடம்போட சொந்த நொதிகளக் கூட்டுது. சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ்னு 1969ல மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டுபிடிச்ச நொதி, கேட்டலேஸ், குளுட்டதயோன், இதெல்லாம்தான் ஒடம்போட உண்மையான காவல். அப்ப ஒரே நாள்ல கொட்டுறதவிட கொஞ்சம் கொஞ்சமா பல நேரம் பல ரூபத்துல வர்றதுக்குத்தான் மதிப்பு.

கேப்சூல்ல உள்ள குவெர்செடின் நல்லதா, உள்ளி நல்லதான்னு கேட்டா நெதர்லாந்துல 1995ல நேரா அளந்துட்டாங்க. பெருங்குடல் எடுத்த ஆளுகளுக்குக் குடுத்துப் பாத்தாங்க, சிறுகுடல் மட்டும் எவ்வளவு எடுக்குதுன்னு தெரியணும்லா. வெங்காயத்துல இருந்து 52 சதவீதம் உறிஞ்சிச்சு, சர்க்கரை இல்லாத தனி குவெர்செடின்ல இருந்து 24, ருட்டின்ங்கிற ரூபத்துல இருந்து 17. கடையில இருக்க கேப்சூல் பெரும்பாலும் அந்தத் தனி குவெர்செடின் ஆக்கும். நம்ம உள்ளித் தீயல்ல எவ்வளவு உள்ளி போகுது, ஒரு குடும்பத்துக்கு கால் கிலோ அரைக்கிலோ உரிச்சு தேங்கெண்ணையில வதக்கி வறுத்தரைச்ச தேங்காயோட கொதிக்க விடுகோம், குவெர்செடின் சூட்டுல பெருசா அழியாது, தண்ணில எறங்குறதும் கொழம்புலதானே கெடக்கு. ஒண்ணு மட்டும் கவனிங்க, வெங்காயத்துல வெளி அடுக்குலதான் இது அதிகம், உரிக்கும்போது தோலோட ஒரு சதை அடுக்கயும் சேத்து எறியுறத நிப்பாட்டினா போதும்.

மஞ்சள் கேப்சூலுக்கு இப்ப பெரிய வியாபாரம். குர்குமின் தனியா தின்னா குடல்லயும் ஈரல்லயும் ஒடனே மாத்தி வெளிய தள்ளிருது, ரத்தத்துல தேடினா கெடைக்காது. 1998ல பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில 2 கிராம் குர்குமினோட 20 மில்லிகிராம் பிப்பெரின், அதாவது நல்லமொளகுல உள்ள காரச்சத்து, சேத்துக் குடுத்தப்ப ரத்தத்துல ஏறினது 20 மடங்கு. அதனாலதான் இப்ப நெறைய மஞ்சள் கேப்சூல்ல பிப்பெரின் சேக்காங்க. ஆனா பிப்பெரின் தடுக்குறது குர்குமின மாத்துற நொதிய மட்டும் இல்ல, ஃபெனிடாயின், புரோப்ரனோலால், தியோஃபிலின் மாதிரி மருந்துகளோட அளவயும் ரத்தத்துல ஏத்துது, வலிப்பு மாத்திரையோ ஆஸ்துமா மாத்திரையோ சாப்பிடுறவங்க இதக் கேக்காம எடுக்கவே கூடாது. இப்படி ஏத்தம் கூட்டின மஞ்சள் கேப்சூலால ஈரல் வீங்கி ஆஸ்பத்திரியில படுத்த கேஸுகளும் அமெரிக்காவுல பதிவாயிருக்கு. மீன்கறியில போடுற மஞ்சளும் ரசத்துல போடுற நல்லமொளகும் அந்த அளவுக்குக் கிட்டயே வராது, அதனால பயமில்லாம போடுங்க, மருந்தா நெனச்சும் போடாண்டாம்.

சாயா விஷயத்துல நம்ம மாவட்டத்துல ரெண்டு கட்சி, கட்டஞ்சாயா, பால்சாயா. பால் புரதம் தேயிலையோட கேட்டகின்களப் பிடிச்சுக்கிடும், 2007ல பெர்லின்ல 16 பொம்பளைகள வச்சு பாத்தப்ப கட்டன் குடிச்சா ரத்தக்குழா நல்லா விரிஞ்சது, பால் சேத்ததும் அந்தப் பலன் காணாமப் போச்சு. ஆனா ரத்தத்துல கேட்டகின் ஏறுறது பாலால கொறையலன்னு வேற ஆய்வும் இருக்கு, அதனால இத வச்சு சண்டை போட வேண்டாம். எனக்கு இதவிடப் பெருசாத் தெரியுறது வேற, தேயிலைச் சத்து கீரை, பயறுல உள்ள இரும்புச்சத்தப் பிடிச்சு வச்சுக்கிடும், ரத்தம் கொறைவுன்னு இரும்பு மாத்திரை வாங்கிட்டுப் போற பிள்ளைங்க சோறு உண்ட கையோட சாயா குடிச்சா மாத்திரைக்கும் கீரைக்கும் குடுத்த காசு பாதி வீணு. சாப்பாட்டுக்கும் சாயாவுக்கும் நடுவுல ஒரு மணி நேரம் விடுங்க. அதே சோத்தோட ஒரு நெல்லிக்கா ஊறுகாயோ எலுமிச்சச் சாறோ வந்தா இரும்பு நல்லா ஏறும்.

ஜூஸ் கடைக்கு வருவோம். நாகர்கோவில்ல எந்த ஜூஸ் கடையிலயும் திராட்சை, ஆப்பிள், மாதுளை எல்லாத்தயும் போட்டு கட்டியா வரணும்னு ஒரு வாழைப்பழத்தயும் சேத்து அடிக்காங்க. 2023ல வந்த ஒரு ஆய்வு இதத்தான் பாத்தது, ஃப்ளவனால்ங்கிற ஒரு வகைப் பாலிஃபீனால் சேந்த வாழைப்பழ ஸ்மூத்தி குடிச்சவங்களுக்கு, அதே ஃப்ளவனால கேப்சூலா எடுத்தவங்களவிட ஒடம்புல ஏறினது 84 சதவீதம் கொறைவு. வாழைப்பழத்த வெட்டி வச்சா கறுக்குதுல்லா, அந்தக் கறுப்பாக்குற நொதிதான் ஆப்பிள், திராட்சை, கோக்கோவுல இருக்க ஃப்ளவனாலயும் அழிச்சிருது, முன்னாடியே கலக்காம ஒரே நேரத்துல குடிச்சாலும் வயித்துக்குள்ள போயும் அந்த வேலையப் பாக்குது. இந்த ஒரு இடத்துல கேப்சூல் ஜெயிச்சிருக்கு, மறைக்க வேண்டிய காரியம் இல்ல, ஆனா வாழைப்பழத்தத் தனியா தின்னா பிரச்சனை தீந்துருது. மட்டிப்பழத்துக்கு 2023ல புவிசார் குறியீடு வந்தது, அந்தப் பழத்த உரிச்சு அப்படியே வாய்ல போடுற சொகத்த மிக்ஸியில போட்டுக் கெடுக்கதுல எனக்குச் சம்மதமே இல்ல.

ஜூஸா முழுப் பழமாங்குறதுல நான் முழுப் பழத்துப் பக்கம், காரணம் பெருங்குடல். பாலிஃபீனால்ல பெரும்பங்கு சிறுகுடல்ல உறிஞ்சப்படாமலே கீழ எறங்குது, முக்கியமா நாரோட ஒட்டிக்கிட்டு இருக்கது, சிவப்பரிசித் தவிட்டுல உள்ளது, நாவல் கொட்டையச் சுத்தின தோல்ல உள்ளது. கீழ கோடிக்கணக்கான பாக்டீரியா காத்துக்கிட்டு இருக்கு, அதுங்க அத ஒடைச்சு சின்னச் சின்ன ஃபீனால் அமிலங்களா ஆக்குது, அந்தத் துண்டுகதான் பெறவு ரத்தத்துல ஏறுது. நெல்லிக்காயிலயும் மாதுளையிலயும் உள்ள எல்லாஜிட்டானின பாக்டீரியா ஒடைச்சு யூரோலித்தின்ங்கிற சின்னத் துண்டா மாத்துது, ஆனா எல்லார் குடல்லயும் அந்த பாக்டீரியா இல்ல, சில பேரு எவ்வளவு மாதுளை தின்னாலும் யூரோலித்தின் உண்டாகாது. சோயாவுல உள்ள டெய்ட்ஸீன ஈக்வாலா மாத்துறதும் அப்படித்தான், ரொம்பப் பேருக்கு அது நடக்காது. அதனால பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பலிச்ச பொடி நமக்குப் பலிக்கணும்னு இல்ல. ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் எடுத்தா அந்த பாக்டீரியாக் கூட்டமும் ஆட்டம் காணும். காச்சலுக்கெல்லாம் தானா வந்து ஆன்டிபயாட்டிக் கேக்குறவங்ககிட்ட நான் இதயும் சேத்துச் சொல்லுகேன். அந்தக் கூட்டத்துக்குத் தீனி நார்தான், சிவப்பு சம்பா சோறு, சிறுபயறு, சக்கைக்கொட்டை, வாழைத்தண்டு, வாழைப்பூத் துவரன், எல்லாம் தொடுவெட்டிச் சந்தையிலயும் வடசேரிச் சந்தையிலயும் கெடக்கு.

இயற்கைன்னா எதுவும் செய்யாதுன்னு நெனைக்குறதயும் விட்டுருங்க. பிலிம்பிக்காய் ஜூஸ் குடிச்சா கொழுப்பு கொறையும்னு நம்ம பக்கமும் கேரளத்துலயும் ஒரு பழக்கம் இருக்கு, மீன்கறிக்குப் புளிக்கு ரெண்டு மூணு போடுறது வேற, அத அடிச்சு டம்ளர் டம்ளரா குடிக்குறது வேற, ஆக்ஸலேட் ஒரேயடியா ஏறி சிறுநீரகம் நின்னு டயாலிசிஸ் வரைக்கும் போன ஆளுகள கேரள டாக்டர்கள் 2013ல பதிவு பண்ணியிருக்காங்க. பம்பளிமாஸ் பழமும் சில கொழுப்பு மாத்திரை, சில பி.பி மாத்திரையோட அளவ ரத்தத்துல ஏத்திரும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்குறவங்க கீரைய நிப்பாட்டவும் வேண்டாம், திடீர்னு கூட்டவும் வேண்டாம், வாரா வாரம் ஒரே அளவு.

சுகர் இருக்கு, அண்ணா ஸ்டேடியத்துல காலைல நடக்கப் போறேன், அதோட வைட்டமின் சி, ஈ மாத்திரையும் எடுத்தா ரெட்டிப்பு பலனான்னு கேக்குறவங்க உண்டு. 2009ல ஜெர்மனியில ஆரோக்கியமான பயல்கள நாலு வாரம் உடற்பயிற்சி செய்ய வச்சு பாதிப் பேருக்கு 1,000 மில்லிகிராம் சியும் 400 யூனிட் ஈயும் குடுத்தாங்க, மாத்திரை எடுக்காதவங்களுக்குத்தான் இன்சுலின் நல்லா வேலை செஞ்சது, எடுத்தவங்களுக்கு அந்த முன்னேத்தம் வரல. நடக்கும்போது உண்டாகுற அந்தக் கொஞ்ச ஃப்ரீ ராடிக்கல்தான் ஒடம்புக்கு எழும்புன்னு சொல்லுற சைகை, மாத்திரை அத அமத்திருது. அது சின்னப் பயல்கள்ல பாத்தது, சுகர் ஆளுகள்ல இல்ல, ஆனா நடந்துட்டு வந்து மாத்திரை முழுங்குறதவிட நடந்துட்டு வந்து பயறும் பழமும் தின்னுறது எப்படிப் பாத்தாலும் மேல்.

இனி கேப்சூல் யாருக்கு வேணும். வயசானதால விழித்திரை நடுப்பகுதி தேய்ஞ்சு வர்ற நோய், நோய் நடுநிலைக்கு வந்தவங்களுக்கு, கண் டாக்டர் எழுதிக் குடுத்தா தயங்காம வாங்குங்க. 2013ல வந்த ஏரெட்ஸ்2 ஆய்வுல இருந்து வந்த கலவை அது, லூட்டின் 10 மில்லிகிராம், ஸீயாக்ஸாந்தின் 2, வைட்டமின் சி 500, ஈ 400 யூனிட், துத்தநாகம், செம்பு. பழைய கலவையில பீட்டா கரோட்டின் இருந்தது, புகை பிடிக்குறவங்களுக்கு ஆகாதுன்னு அத எடுத்துட்டு லூட்டின் வச்சாங்க, வாங்கும்போது பீட்டா கரோட்டின் இல்லாததான்னு பாத்து வாங்கணும். கொழுப்பு செரிக்காத நோய், குடல் ஆபரேஷன், பித்தநீர் வர்ற வழி அடைச்சது, இவங்களுக்கும் டாக்டர் சொல்லுற வைட்டமின் வேணும். புத்துநோய்க்கு கீமோவோ கதிர்வீச்சோ ஓடிக்கிட்டு இருக்கவங்க, டாக்டர் கேட்டு எழுதினதத் தவிர எந்த ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்சூலும் தொடாண்டாம், அந்தச் சிகிச்சை வேலை செய்யுறதுல ஒரு பங்கு ஃப்ரீ ராடிக்கல் வழியாத்தான்.

இதுல எதுலயும் சேராத ஆளு நீங்கன்னா, ஆயிரம் ரூவாயில நான் வாங்குறது இதாக்கும்: முருங்க எலை வாங்கவே வேண்டாம் யார் வீட்டு மரத்துலயாவது ஒடிச்சுக்கிடலாம், சின்ன உள்ளி, நெல்லிக்கா, கொய்யா, செந்துளுவன் ஒரு சீப்பு, மட்டி ஒரு சீப்பு, சிறுபயறு, மிச்சக் காசுக்கு சிவப்பரிசி. ஏற்கனவே கேப்சூல் வாங்கி வச்சிருக்கவங்க அந்த டப்பாவயும் தெனமும் திங்குற மத்த மாத்திரை அட்டைகளயும் ஒண்ணா ஒரு கவர்ல போட்டு, அடுத்த தடவை டாக்டரப் பாக்கும்போதோ மருந்துக்கடைக்குப் போகும்போதோ கொண்டு போயி காட்டுங்க, எதுக்கு எது ஆகாதுன்னு அஞ்சு நிமிஷத்துல பாத்துச் சொல்லிரலாம்.